இந்திராணியின் தோலுக்கு

எண்ணெய் இன்னும் ஆறவில்லை. மாதப்பன் கிண்ணத்தின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், எடுத்தார், அடுப்படித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். இப்படி நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுக்கொண்டிருந்தால் எதுதான் ஆறும். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். சொன்னவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டு உள்ளறையில் யாரும் சீப்பின் முதுகால் காலைச் சுரண்டிக்கொண்டு படுத்திருக்கவில்லை. சர், சர், சர். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு இடம் மாறி முழங்கைப் பக்கமோ விலாப் பக்கமோ ஆரம்பிக்கும். சத்தத்தை வைத்தே இந்திராணி எந்த இடத்தைச் சொறிகிறாள் என்று அவரால் சொல்லிவிட முடியும். எலும்பு மேலாக இருக்கிற இடத்தில் கெட்டியாகக் கேட்கும், தொடையில் மெத்தென்று கேட்கும். கட்டின மனைவியைப் பற்றி ஒரு மனுஷனுக்குத் தெரிய வேண்டிய விஷயமா இது. ஓசூரில் தை மாதக் காற்று நல்ல தோல் உள்ளவர்களுக்கே உதட்டை வெடிக்க வைக்கும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு இரண்டு தரம் டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவளுக்குக் கேட்கவா வேண்டும். அவளுக்கு வேர்வை என்பதே நின்றுபோய்விட்டது. தோல் காய்ந்து, செதில் விட்டு, காலையில் போர்வையை உதறினால் வெள்ளையாகப் பறக்கிறது. இன்றைக்குக் காலையிலும் பறந்தது. உதறிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைச் சொன்னாள். "நாளைக்கு நான் வரலைங்க. போதும்." அவ்வளவுதான். அழுகையில்லை, கோபமில்லை, பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்கிற குரல். நாளைக்குப் போகாவிட்டால், அதற்கடுத்த முறையும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும், டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு அரிப்புத் தாங்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதனால் இந்த எண்ணெய் சாயந்தரத்துக்குள் வெண்ணெயாக வேண்டும், தடவ வேண்டும், அரிப்பு அடங்க வேண்டும், அடங்கினால் அவள் நாளைக்கு வருவாள். இப்படி ஒரு கணக்கை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது அவரே போட்டுக்கொண்டார். அரிப்பு அடங்கியும் அவள் வரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இந்த யோசனை பூனாவில் இருக்கும் மகள் அருணாவுடையது. பாடி பட்டராம். வெண்ணெய் என்று பேர், ரொட்டியில் தடவ முடியாது, காலில்தான் தடவ வேண்டும். ஷியா பட்டர் என்று ஏதோ தேசத்துக் கொட்டையிலிருந்து எடுத்த ஒரு கட்டியை அவளே பார்சலில் அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு சின்ன பாட்டில் பாதாம் எண்ணெய். செய்முறைக்கு வீடியோ. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துச் சிரித்துச் செய்கிறாள், அவள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு நோவும் இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. இதெல்லாம் எனக்கு வராதும்மா என்று மாதப்பன் போன மாதமே சொல்லி, பார்சலைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிட்டார். இன்றைக்குப் பிரித்தார். கட்டி மஞ்சளாக, அழுத்தினால் அமுங்காமல், ஒருவிதமான புகை வாசனையோடு இருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதன் மேல் எவர்சில்வர் கிண்ணத்தை உட்கார வைத்து, கட்டியை நறுக்கிப் போட்டு உருக்கி, பாதாம் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஊற்றி இறக்கியாகிவிட்டது. இதுவரைக்கும் சுலபம். கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் காலமெல்லாம் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்த கைதானே, இதுவும் ஒருவகைக் கிரீஸ் என்று நினைத்தால் தீர்ந்தது. ஆனால் கிரீஸ் டப்பாவில் தயாராக வரும், ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மத்தியானம் அருணாவுக்குப் போன் போட்டுக் கேட்டபோது அவள் அங்கே ஆபீஸில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவசரப்படாதீங்க அப்பா, ஓரமெல்லாம் வெள்ளையா உறையணும், விரல் வச்சா குழி விழணும், அப்புறம்தான் கேக் மாவு அடிக்கற பீட்டரால அடிக்கணும் என்றாள். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்டாள். இருக்கா என்றார். அம்மா காலையில் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அடுத்த வண்டியைப் பிடிப்பாள், வந்து அழுவாள், அம்மாவைத் திட்டுவாள், பிறகு அவரைப் பார்த்து ஒன்று கேட்பாள்: அம்மா அப்படிச் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க. அதுதான். அந்த இடத்துக்கு வந்ததும் மனசு செருப்பில் முள் ஏறினவன் மாதிரி நின்றுவிடுகிறது. நொண்டிக்கொண்டே வேறு பக்கம் போகிறது. எண்ணெய் ஆறிவிட்டதா என்று பார்க்கிறது.

ஆறவில்லைதான், ஆனாலும் பீட்டரைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். அருணா கல்யாணத்துக்கு முன் கேக் செய்கிறேன் பேர்வழி என்று வாங்கிய பீட்டர், ரெண்டு கேக்கோடு அதன் சேவை முடிந்திருந்தது. கம்பிகள் இரண்டும் பேய் மாதிரி சுழல, எண்ணெய் எகிறிச் சட்டையில், அடுப்பு மேடையில், காலண்டரில் எல்லாம் தெறித்தது. வெண்ணெயாவது நுரையாவது, சாம்பார் கொதிப்பது மாதிரி மேலே நாலு குமிழி வந்து உடைந்தது. நிறுத்தினார். பதறாத காரியம் சிதறாது என்பதற்குக் காலண்டரே சாட்சி. மெஷின் ஓசை நின்றதும் வீடு திடீரென்று வெறிச்சென்று ஆனது. சீப்புச் சத்தம் இல்லை. அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சொறிகிற சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது, கேட்காவிட்டால் அதைவிட மோசம். நாளைக்குப் போகவில்லை, அதற்கடுத்தும் போகவில்லை என்றால் கடைசியில் இந்த வீடு இப்படித்தான் இருக்கும், இதே சாயந்தர வெயில் அடுப்படி ஜன்னலில் விழும், இதே மாதிரி அவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். டயாலிசிஸ் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு பழவியாபாரி உட்காருவார், தனக்கு ஆகாது என்று தெரிந்தே நர்சுகளுக்கு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுப்பார். ஒருநாள் அவர் வரவில்லை. அடுத்த முறை அந்த நாற்காலியில் வேறொருத்தர் இருந்தார். பழவியாபாரி எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அங்கே அப்படிக் கேட்பது வழக்கமில்லை. இந்திராணி மட்டும் வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில், அவரு போதும்னு இருந்துட்டாரோ என்னமோ என்றாள். அப்போது அதை மாதப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூக்கக் கலக்கம். ஆட்டோவில் ஏறினால் கண் சொருகிவிடும். விடிவதற்கு முன்னால் எழுந்து வெந்நீர் வைத்து, அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, இட்லியைக் கட்டிக்கொண்டு பனியில் அவளைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, அங்கே நாலு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் டிவியில் யாரோ ஜூஸ் குடிக்கிற விளம்பரத்தை, டாக்டர் அளந்து கொடுத்ததற்கு மேல் ஒரு வாய்த் தண்ணீருக்கு ஏங்குகிற அத்தனை பேரோடும் சேர்ந்து பார்த்து, திரும்பி வந்து சமைத்து. இது மூன்றாவது வருஷம். சலிப்பு என்று சொல்லக் கூடாது. நோய் அவளுக்கு, ஊசி அவளுக்கு, இவருக்கென்ன வந்தது சலிப்பு. யாராவது கேட்டால் எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன் என்பார். கண்ணுக்குக் கீழே பை தொங்கும்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சர், சர். அப்பாடா. எண்ணெய் ஓரத்தில் லேசாக மங்கல் விழுந்த மாதிரி இருந்தது, இல்லை, அது ஜன்னல் வெளிச்சம். காலையில் என்ன நடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. போர்வையின் இரண்டு நுனி அவர் கையில் இருந்தது, ஜன்னலோரம் நின்று உதறினார், வெயிலில் தூசி மாதிரி அவள் தோல் பறந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு நான் வரலைங்க, போதும். சொன்ன அந்தக் கணத்தில், அவர் அவளைப் பற்றி நினைப்பதற்கு முன்னால், டாக்டரைப் பற்றி, அருணாவைப் பற்றி, எதைப் பற்றியும் நினைப்பதற்கு முன்னால், உள்ளே ஒன்று அவிழ்ந்தது. நாளைக்கு விடியற்காலையில் எழ வேண்டாம். அதுதான் வந்தது. அது மட்டும்தான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி தோள்கூடத் தளர்ந்தது. எவ்வளவு நேரம் இருந்திருக்கும், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அடுத்த மூச்சில் ஐயையோ என்று ஆகிவிட்டது, என்ன சொல்ற நீ, ஏன் இப்படிச் சொல்ற என்றெல்லாம் கேட்டார், கேட்டபோது குரல் நடுங்கியது, அந்த நடுக்கம் பொய் இல்லை. அவளைச் சாகக் கொடுக்க அவர் நினைக்கவில்லை. சாமி சத்தியமாக நினைக்கவில்லை. தூக்கத்தை நினைத்தார். ஆனால் அவள் வராமல் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் என்றால் இரண்டும் வேறு வேறா. வேறுதான். வேறில்லை. கோர்ட்டில் நிற்கிறவன் மாதிரி ரெண்டு பக்கமும் அவரே வாதாடிப் பார்த்தாயிற்று, சமையலறையில் நிற்கிற நேரமெல்லாம் இதே வழக்கு. நினைத்ததுகூடப் பரவாயில்லை. நினைப்புக்கு யார் என்ன செய்ய முடியும், நாய் மாதிரி எங்கே வேண்டுமானாலும் வாய் வைக்கும். அவள் பார்த்துக்கொண்டிருந்தாளே, அதுதான். அந்த ஒரு மூச்சில் அவர் முகம் என்ன காட்டியது. மற்றவர்களிடம் மறைக்கலாம், இந்திராணியிடம் ஒன்றும் மறைக்க முடியாது. சம்பளம் வந்த நாளில் அவர் வாசல்படி ஏறுகிற விதத்திலேயே ஓவர்டைம் சேர்ந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பார்த்திருந்தால், அவர் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்த்துவிட்டுத்தான் சுவர்ப்பக்கம் திரும்பினாள் என்றால், இந்த வெண்ணெயைக் குடம் குடமாகத் தடவினாலும் அவள் நாளைக்கு வரமாட்டாள். தனக்காக வராமல் இருக்கிறது வேறு. அவருக்காக வராமல் இருந்துவிட்டால்?

போதும், இதற்கு மேல் காத்திருக்க முடியாது. கை தானாக பிரிட்ஜின் மேல்கதவைத் திறந்து ஐஸ் தட்டுகள் இரண்டையும் எடுத்தது, முறுக்கியது, கட்டிகள் படபடவென்று அகலப் பாத்திரத்தில் விழுந்தன. எண்ணெய்க் கிண்ணத்தை அதற்குள் உட்கார வைத்து, ஒரு துளித் தண்ணீரும் உள்ளே தெறித்துவிடக் கூடாது, தெறித்தால் கெட்டுப்போகும் என்று அருணா சொன்னது ஞாபகம் வந்து, துணியை ஓரமெல்லாம் சுற்றி அணைகட்டினார். கரண்டியால் மெல்லக் கிண்டினார். இந்தத் தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரம் வெளுத்தது. நெய் உறைவது மாதிரி ஒரு படலம் உள்நோக்கி நகர்ந்தது. விரலை வைத்தார், குழி விழுந்தது. பிசுக்குத் தெரியாமலிருக்க வீடியோவில் சொன்னபடி ஒரு கரண்டி சோளமாவைத் தூவி, பீட்டரைப் போட்டார். முதலில் குழம்பியது. மஞ்சளாக, கட்டி கட்டியாக, பார்க்கச் சகிக்கவில்லை. விடாமல் அடித்தார். தோள்பட்டை வலித்தது, மணிக்கட்டு மரத்தது, இந்தக் கிண்ணத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை என்று ஆனது, எத்தனையோ நாளுக்குப் பிறகு மனசு கொஞ்சம் வாயை மூடியது. மஞ்சள் வெளுத்து, வெளுத்தது உப்பி, உப்பினது கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றியது. பாதிக் கிண்ணமாக இருந்தது முக்காலுக்கு ஏறியது. அவர் நிறுத்தித் தூக்கிப் பார்த்தார், நுனியில் ஒரு கொம்பு நின்றது. அடடா. வெண்ணெய்தான். ஒரு கொத்து எடுத்துத் தன் புறங்கையில் தேய்த்தார், பட்டதும் இளகி உள்ளே போயிற்று, பழைய கிரீஸ் வெடிப்புகள்கூட அமுங்கின மாதிரி இருந்தது. கொஞ்சம் கட்டி தட்டுகிறதோ, இன்னும் ஒரு அடி அடிக்கலாம் என்று மறுபடி போட்டார். அப்போதுதான் கண் மேடையில் கிடந்த ஐஸ் தட்டுகள் மேல் விழுந்தது. காலியாக, கவிழ்ந்து. கை அப்படியே நின்றுவிட்டது, பீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது ஐஸ் இல்லை. அது அவள் தண்ணீர். ஒரு நாளைக்கு அவளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் சொன்னதைக் காலையில் பாட்டிலில் அளந்து, மருந்துக்குப் போக மிச்சத்தை இந்தத் தட்டுகளில் ஊற்றி உறைய வைப்பது அவர்தான். நாக்கு வறளும்போது ஒவ்வொன்றாக எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டு, விடியும் வரைக்கும் அவள் அதில்தான் ஓட்டுவாள். இந்த வீட்டில் ஐஸை வேறு எதற்கும் தொடக் கூடாது என்பது எழுதாத சட்டம். வந்த விருந்தாளிக்கு மோரில் போடக்கூட எடுத்ததில்லை. அரிப்பைத் தணிக்கக் கிளம்பி அவள் தாகத்தில் கை வைத்தாயிற்று.

"ஐஸ் எங்க?"

பீட்டர் சத்தத்தில் அவள் எழுந்து வந்தது அவருக்குக் கேட்கவில்லை. இந்திராணி பிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நைட்டிக்கு மேல் துண்டு, கலைந்த தலை, கையில் அந்தச் சீப்பு. மேடையில் கவிழ்ந்திருந்த தட்டுகளைப் பார்த்தாள், துணி சுற்றிய பாத்திரத்தைப் பார்த்தாள், அதில் பாதி கரைந்து எண்ணெய் மிதக்கிற தண்ணீரைப் பார்த்தாள். மாதப்பன் சுவிட்சை அணைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா போட்டீங்க? இனிமே ஊத்தி வச்சா எப்ப உறையும்? தண்ணியா குடிச்சா ஒரே மடக்குல போயிடும், அப்புறம் ராத்திரி பூரா நாக்கு மேல ஒட்டிக்கினு கெடக்கணும். தாங்க முடியாம நான் குடிச்சுத் தொலைச்சேன்னா, நாளைக்கு எடை மெஷின்ல ஏறி நிக்கறப்ப தண்ணி எடை கூடிடுச்சுன்னு அந்த நர்சுப் பொண்ணுகிட்ட யாரு திட்டு வாங்கறது?"

நாளைக்கு. அவர் அந்தச் சொல்லைக் கேட்டார். கேட்டது முகத்தில் தெரிந்துவிடக் கூடாது, தெரிந்தால் அவள் மாற்றிக்கொள்வாள் என்று பயந்து, குனிந்து துணியைச் சரிசெய்தார். வர்றியா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. திட்டட்டும். இன்னும் நாலு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்கும், திட்டுகிறவள் எங்கேயும் போய்விடமாட்டாள். ஆனால் அவளுக்கு நின்று திட்டத் தெம்பு இல்லை. அடுப்படியில் கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"அருணா அனுப்புனதா?"

"ஆமா. உனக்குத்தான். உன் காலுக்கு."

அவள் நைட்டியை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காலை நீட்டினாள். மாதப்பன் தரையில் உட்கார்ந்தார், உட்கார்வதற்கே முட்டி இரண்டும் முனகின. வெண்ணெயை எடுத்து முழங்காலுக்குக் கீழே வைத்தார். வறண்ட ஏரி மாதிரி கோடு கோடாக வெடித்த தோல், சீப்பின் கீறல்கள் அங்கங்கே சிவந்து, சில இடத்தில் பொருக்குத் தட்டி. அழுத்தாமல், மேலிருந்து கீழாக இழுத்தார். இளகியது. வெள்ளைச் செதில்கள் மறைந்து, அடியிலிருந்து அவளுடைய நிறம் வந்தது. அவள் ஸ்ஸ் என்றாள், எரியுதா என்று கேட்டார், இல்லை, குளுகுளுன்னு இருக்கு என்றாள். சீப்பை மேடையில் வைத்தாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. அவர் கணுக்காலைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தபோது, அவர் தலைக்கு மேலே அவள் குரல் வந்தது.

"காலைல உங்க மூஞ்சியப் பாத்தேன்."

அவர் கை நின்றது.

"வரலைன்னு சொன்னதும் உங்களுக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாப் போச்சு."

இல்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. காலையிலிருந்து அடுப்படியில் நின்று தனக்குத்தானே பேசி வைத்திருந்த அத்தனை வாதமும் வரிசையாக வந்து நின்றது. ஆனால் அவள் கால் அவர் கையில் இருந்தது.

"ஆமா," என்றார். "தூங்கலாம்னு தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல இந்திரா. நாளைக்கு ஒரு நாள் தூங்கலாம்னு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கும்தான்," என்றாள். "சொன்னப்புறம் எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்பாடான்னு கண்ண மூடிப் படுத்தேன். மத்தியானத்துக்கு மேலதான் பயம் வந்துச்சு. நீங்க பாட்டுக்கு இங்க என்னத்தயோ உருட்டிக்கினு இருந்தீங்க, கூப்பிடலாமான்னு பாத்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"எழுந்து வந்தேனே." அவள் காலைத் திருப்பி ஆடுசதைப் பக்கம் காட்டினாள். "ஆட்டோவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லுங்க. இத முடிச்சுட்டு."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையிலும் வெண்ணெய், கண்ணைத் துடைக்க வழியில்லை, தோளில் தேய்த்துப் பார்த்தார், எட்டவில்லை. இந்திராணி குனிந்து துண்டின் நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு இன்னொரு காலை நீட்டினாள்.